தஞ்சோங் மாலிமிலிருந்து தினமும் தலைநகருக்கு: ரயிலில் வேலைக்குப் போவது கட்டுப்படியாகுமா?

விடிவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. தஞ்சோங் மாலிம் ரயில் நிலையத்தின் முன் மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. பாதுகாவலர் சீருடையில் ஒருவர், மருத்துவமனைத் துப்புரவுப் பணிக்குப் போகும் மாது, முதுகுப் பையோடு கல்லூரி மாணவி, கையில் நாசி லெமாக் பொட்டலத்துடன் அலுவலகப் பணியாளர். எல்லாரும் போகிற இடம் ஒன்றுதான், கோலாலம்பூர். தூரம் சுமார் 80 கிலோமீட்டர்.

பேராங், சிலிம் ரிவர், கெர்லிங், பத்தாங் காலி, செரண்டா எனத் தோட்டங்கள் சூழ்ந்த இந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட பயணிகள் ஏராளம். தோட்ட வேலை குறைந்ததும், தோட்ட வீட்டை விட்டு வெளியேற வேண்டிய நிலை வந்ததும் பல குடும்பங்கள் பக்கத்துச் சிறு பட்டணங்களில் தரை வீடு வாங்கின. வீடு இங்கே கிடைத்தது, வேலை அங்கே கிடைத்தது. தெற்கே சிரம்பான், நீலாய் பக்கமும் இதே கதைதான். வடக்கே பாகான் செராய், பாரிட் புந்தார், நிபோங் திபால் பக்கத்திலிருந்து பட்டர்வொர்த்துக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் போகிறவர்களின் நிலையும் வேறல்ல.

இப்படியொரு குடும்பத்தில் அடிக்கடி எழும் கேள்வி இது: "இரண்டாவதாக ஒரு கார் எடுப்பதா, ரயிலையே நம்புவதா?" மாதச் சம்பளத்தில் பெரும் பங்கைத் தின்னக்கூடிய முடிவு என்பதால் கட்டணம், நேரம், வசதி மூன்றையும் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

எந்த ரயில், யாருக்கு?

கே.டி.எம். நிறுவனத்தின் தண்டவாளத்தில் இரண்டு வகை மின்ரயில்கள் ஓடுகின்றன. 1995ஆம் ஆண்டு கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓடத் தொடங்கியது கொமுட்டர். தஞ்சோங் மாலிம் – கோலக் கிள்ளான் பாதையும், பத்துமலை – புலாவ் செபாங் பாதையும் இன்று அதன் இரண்டு பெரிய வழித்தடங்கள். சிறு நிலையங்களிலும் நிற்கும். முன்பதிவு கிடையாது. இடம் கிடைத்தால் உட்காரலாம், இல்லையென்றால் நின்றுகொண்டுதான் போக வேண்டும். வடக்கிலும் 2015 முதல் கொமுட்டர் சேவை உண்டு. சுங்கை பட்டாணி, அலோர் ஸ்டார், பாடாங் பெசார் மக்களுக்கு அது பட்டர்வொர்த்தோடு தொடர்பு தருகிறது.

இன்னொன்று இ.டி.எஸ். எனப்படும் விரைவு மின்ரயில். 2010இல் ஈப்போவுக்கும் சிரம்பானுக்கும் இடையே தொடங்கியது. 2015இல் வடக்கே பாடாங் பெசார் வரை நீண்டது. தெற்கே படிப்படியாக நீண்டு, 2025 டிசம்பரில் ஜொகூர் பாருவை எட்டியது. ஒரு மீட்டர் அகலமுள்ள தண்டவாளத்தில் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை ஓடும். இருக்கை எண்ணுடன்தான் டிக்கெட் கொடுப்பார்கள். அந்த ரயிலில் இருக்கைகள் நிரம்பிவிட்டால் அதில் டிக்கெட் கிடையாது.

இந்த வேறுபாட்டைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் ஏமாற்றமடைகிறார்கள். கொமுட்டர் தினசரி வேலைக்குப் போகிறவர்களுக்காக அமைந்தது. இ.டி.எஸ். ஊர்விட்டு ஊர் போகிறவர்களுக்காக அமைந்தது. சிலிம் ரிவர், சுங்கை, தாப்பா ரோடு, கம்பார், பத்து காஜா ஆகிய ஊர்களில் கொமுட்டர் நிற்பதில்லை. அங்கிருந்து தலைநகருக்கு ரயிலில் நேராகப் போக வேண்டுமானால் இ.டி.எஸ். மட்டுமே வழி. அதனால்தான் சிலிம் ரிவர், பேராங் பக்கத்து மக்கள் சிலர் தஞ்சோங் மாலிம் வரை மோட்டார் சைக்கிளில் வந்து, அங்கே வண்டியை விட்டுவிட்டுக் கொமுட்டர் ஏறுகிறார்கள்.

கட்டணக் கணக்கு

கட்டணம் தூரத்தைப் பொறுத்தது, அவ்வப்போது மாறவும் செய்யும். கணக்கின் வழி புரிவதற்காக இங்கே சில தொகைகளை வைத்துக்கொள்வோம். அவரவர் நிலையத்தின் உண்மையான கட்டணத்தைப் போட்டு இதே கணக்கை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

தஞ்சோங் மாலிமிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்குக் கொமுட்டரில் ஒரு வழிக்கு 10 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், போகவர 20 ரிங்கிட். மாதம் 22 நாள் வேலை என்றால் 440 ரிங்கிட்.

அதே தூரத்தைக் காரில் போனால் நாளுக்கு 160 கிலோமீட்டர், மாதத்துக்கு 3,520 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் பெட்ரோல் குடிக்கும் சிறிய கார் என்றாலும் 246 லிட்டர் தேவை. லிட்டர் 2 ரிங்கிட் என்று எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 493 ரிங்கிட். டோல் கட்டணமும் கார் நிறுத்தும் கட்டணமும் சேர்த்து நாளுக்கு 20 ரிங்கிட் ஆனால் அது இன்னொரு 440. ஆக மொத்தம் 933 ரிங்கிட். காரின் மாதத் தவணை, காப்புறுதி, டயர், எண்ணெய் மாற்றும் செலவு எதுவும் இதில் சேரவில்லை.

தனியாகப் போகிற ஒருவருக்கு ரயில் பாதிச் செலவில் முடிகிறது. ஆனால் ஒரே பக்கம் வேலை பார்க்கும் மூன்று பேர் ஒரே காரில் போனால், அந்த 933 ரிங்கிட் தலைக்கு 311 ரிங்கிட்டாகக் குறைந்துவிடும். அப்போது காரே மலிவு. ஆனால், மூவருக்கும் ஒரே நேரத்தில் வேலை தொடங்கி ஒரே நேரத்தில் முடிய வேண்டும். ஒருவருக்குக் கூடுதல் நேர வேலை வந்தால் மற்ற இருவரும் காத்திருக்க வேண்டும். நெரிசலில் போகிற நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இ.டி.எஸ். கணக்கு வேறு மாதிரி. ஈப்போவிலிருந்து ஒரு வழிக்கு 35 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டு தினமும் போய் வந்தால் மாதம் 1,540 ரிங்கிட் ஆகும். சாதாரணச் சம்பளக்காரருக்கு இது ஆகாத காரியம். அதே ஆள் கோலாலம்பூரில் ஓர் அறை எடுத்துத் தங்கி வாரம் ஒருமுறை ஊருக்குப் போய் வந்தால், மாதம் நான்கு பயணத்துக்கு 280 ரிங்கிட்தான். ஈப்போ, தைப்பிங் பக்கத்து இளைஞர்கள் வார இறுதிகளில் இ.டி.எஸ். ரயிலை நிறைப்பதற்குக் காரணம் இதுதான்.

மூத்த குடிமக்கள், மாணவர்கள், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்குக் கே.டி.எம். கட்டணச் சலுகை தருகிறது. இந்தச் சலுகை தானாக வராது. அதற்குரிய அட்டையோ பதிவோ இருந்தால்தான் கிடைக்கும். முழுக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கும் தாத்தா பாட்டிகள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். நிலைய முகப்பில் ஒருமுறை அடையாள அட்டையைக் காட்டி விசாரித்தால் போதும்.

மை50 அட்டை எதற்குச் செல்லும்?

மாதம் 50 ரிங்கிட்டுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் பயணம் செய்யலாம் என்னும் மை50 அட்டை, மலேசியக் குடிமக்களுக்காக ரேபிட் கே.எல். சேவைகளில் நடப்பில் உள்ளது. எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், ரேபிட் கே.எல். பேருந்து ஆகியவற்றுக்கு அது செல்லும். கே.டி.எம். கொமுட்டருக்கும் இ.டி.எஸ்.சுக்கும் செல்லாது. இது தெரியாமல் அட்டையை வாங்கிவிட்டு, கொமுட்டர் வாயிலில் தொகை கழிந்ததும் திகைத்து நிற்பவர்கள் உண்டு.

ஆனால் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த வழி இருக்கிறது. கொமுட்டர் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது என்பதால், கே.எல். சென்ட்ரல் வரை போகாமல் வழியிலேயே மாறிக்கொண்டால் செலவு குறையலாம். வடக்கிலிருந்து வருகிறவர்கள் கெப்போங் சென்ட்ரலிலோ சுங்கை பூலோவிலோ இறங்கி எம்.ஆர்.டி. புத்ராஜெயா பாதைக்கு மாறலாம். சிரம்பான் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் காஜாங்கில் எம்.ஆர்.டி.க்கும், பண்டார் தாசிக் செலாத்தானில் எல்.ஆர்.டி.க்கும் மாறலாம். கிள்ளான் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சுபாங் ஜெயாவில் எல்.ஆர்.டி. இருக்கிறது. இறங்கிய இடத்திலிருந்து மீதிப் பயணம் முழுவதையும் 50 ரிங்கிட் அட்டை பார்த்துக்கொள்ளும். பணம் மிச்சமாவது ஒரு பக்கம் இருக்க, ரயில் தாமதம் மிகுந்த நகர நடுப்பகுதியையும் தவிர்த்துவிடலாம்.

ஏன் தாமதமாகிறது?

ரயில் பயணிகளின் முதல் குறை தாமதம்தான். "இன்றைக்கும் லேட்டா?" என்று மேலதிகாரி கேட்கும்போது, பழி ரயிலின் மேல் விழுவதில்லை. தொழிலாளியின் மேல்தான் விழுகிறது. தாமதத்தின் காரணம் தெரிந்தால் ஓரளவு தயாராக இருக்கலாம்.

முதல் காரணம், தண்டவாளம் பொது. கோலாலம்பூரின் நடுவே புத்ரா நிலையத்திலிருந்து கே.எல். சென்ட்ரல் வரை இரண்டு கொமுட்டர் வழித்தடங்களும் ஒரே பாதையில் வந்து சேர்கின்றன. இ.டி.எஸ். ரயிலும் அதே வழிதான். சரக்கு ரயில்களும் நகரைக் கடக்க அந்த வழியைத்தான் பயன்படுத்துகின்றன. கழுத்துக் குறுகிய புட்டியில் நான்கு பக்கத்திலிருந்தும் தண்ணீர் ஊற்றுவது போன்ற நிலை. ஒரு ரயில் பத்து நிமிடம் நின்றால் பின்னால் வரும் எல்லா ரயில்களும் வரிசையாக நிற்கும்.

இரண்டாவது, பாதை பழையது. கிள்ளான் பள்ளத்தாக்கின் இரட்டைப் பாதையைச் சீரமைக்கும் பணி பல ஆண்டுகளாகக் கட்டம் கட்டமாக நடந்து வருகிறது. பணி நடக்கும் இடத்தில் ரயில் மெதுவாகத்தான் போக முடியும். ரவாங்குக்கும் சாலாக் செலாத்தானுக்கும் இடையே முதல் கட்டப் பணி நடந்த காலத்தில் ரயில்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டதைப் பழைய பயணிகள் இன்னும் மறக்கவில்லை.

மூன்றாவது, மின்சாரமும் சமிக்ஞையும். கொமுட்டரும் இ.டி.எஸ்.சும் தலைக்கு மேல் செல்லும் 25,000 வோல்ட் மின்கம்பியிலிருந்து சக்தி பெறுகின்றன. இடி மின்னல், மரம் சாய்வது, மின்வடத் திருட்டு ஆகியவற்றில் ஏதாவது நடந்தால் அந்தப் பகுதி முழுவதும் முடங்கும். சமிக்ஞை வடம் அறுபட்டால், பச்சை விளக்குக்குப் பதிலாக ஒவ்வொரு ரயிலுக்கும் தனித்தனியாக அனுமதி கொடுத்து மெதுவாக அனுப்ப வேண்டியிருக்கும். செம்புக் கம்பியைத் திருடி விற்கிறவனுக்குக் கிடைப்பது சிறு தொகை. அதற்காக ஆயிரக்கணக்கானோர் அன்று சம்பளத்தையோ வேலையையோ இழக்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறார்கள்.

மேலும், கொமுட்டரில் ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் இடையே அரை மணி நேரம், சில வேளைகளில் அதற்கும் மேல் இடைவெளி இருக்கும். எல்.ஆர்.டி.யைப் போல ஒன்றை விட்டால் சில நிமிடங்களில் அடுத்தது வந்துவிடாது. ஆகவே வேலைக்குச் சரியாகப் போய்ச் சேரும் ரயிலை நம்பாமல், அதற்கு முந்தைய ரயிலைப் பிடிப்பதே அனுபவசாலிகளின் வழக்கம். தூக்கத்தில் அரை மணி நேரம் போகும், வேலை தப்பும்.

உட்கார இடமும் மற்ற வசதிகளும்

இ.டி.எஸ்.சில் எண்ணிட்ட இருக்கை, கழிப்பறை, சிற்றுண்டி வாங்கும் இடம் எல்லாம் உண்டு. கொமுட்டரில் குளிர்சாதனம் உண்டு, கழிப்பறை கிடையாது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீளும் தஞ்சோங் மாலிம் பயணத்தில் நீரிழிவு நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது சாதாரண விஷயமல்ல. ஏறுவதற்கு முன் நிலையத்திலேயே கழிப்பறைக்குப் போய்விட்டு வருவதுதான் வழி. அவசரமானால் நடுவில் உள்ள பெரிய நிலையத்தில் இறங்கி அடுத்த ரயிலைப் பிடிக்க வேண்டியிருக்கும். அதற்கான நேரத்தையும் சேர்த்தே புறப்பட வேண்டும்.

பெண்களுக்கென்று தனிப் பெட்டி 2010 முதல் கொமுட்டரில் இருக்கிறது. ஆறு பெட்டி ரயிலின் நடுப்பகுதியில் இளஞ்சிவப்பு நிற அறிவிப்போடு இருக்கும். இருட்டோடு புறப்பட்டு இருட்டில் திரும்பும் பெண்களுக்கு இது பெரிய ஆறுதல். ரயில் வந்த பிறகு ஓடுவதைவிட, அந்தப் பெட்டி நிற்கும் இடத்தில் முன்பே போய் நிற்பது நல்லது.

குளிர் அதிகமாக இருக்கும், ஒரு மேல்சட்டை எப்போதும் பையில் இருக்கட்டும். மாலையில் கே.எல். சென்ட்ரலில் ஏறுகிறவர்களுக்குத் தொடக்கத்தில் உட்கார இடம் கிடைப்பது கடினம். சுங்கை பூலோ, ரவாங் தாண்டியதும் இடம் வரும்.

நேரத்தின் விலை

ஒரு வழிக்கு 1 மணி 40 நிமிடம் என்றால் போகவர 3 மணி 20 நிமிடம். 22 நாளுக்கு 73 மணி நேரம். மாதத்தில் மூன்று முழு நாட்கள் ரயிலிலேயே கழிகின்றன. இந்தக் கணக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது. பிள்ளை பள்ளிக்குப் போகும்போது அம்மா ரயிலில் இருக்கிறார். வீட்டுப்பாடம் முடித்துத் தூங்கப்போகும்போதுதான் வீடு திரும்புகிறார். தாத்தா பாட்டி வீட்டில் இருக்கும் குடும்பங்கள் சமாளித்துக்கொள்கின்றன. அந்தத் துணை இல்லாத குடும்பங்களில் ஒருவர் வேலையை விட வேண்டிய நிலையும் வருகிறது.

அந்த நேரத்தை வேறு விதமாகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. பகுதிநேரப் பட்டப்படிப்புப் பாடத்தை ரயிலிலேயே படித்து முடிக்கலாம். காரோட்டிக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

சட்டம் தரும் இரண்டு துணைகள்

தினப் பயணிகள் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள் ரயிலுக்கு வெளியே உள்ளன.

ஒன்று, வேலை நேரத்தை மாற்றிக் கேட்கும் வாய்ப்பு. 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதன்படி, வேலை நேரத்தையோ வேலை நாளையோ வேலை செய்யும் இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கட்டாயம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் காலை 8 மணி வேலையை 8.30க்கு மாற்றித் தருமாறு ரயில் அட்டவணையை இணைத்து முறையாகக் கேட்பது, தினமும் மன்னிப்புக் கேட்பதைவிட மேல்.

இரண்டு, சொக்சோ பாதுகாப்பு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வேலையிலிருந்து திரும்பும்போதும் நேரும் விபத்து, சொக்சோவின் வேலையிடப் பேரிடர் திட்டத்தில் அடங்கும். நிலையத்துக்கு மோட்டார் சைக்கிளில் வரும் பயணமும் அந்தப் பாதையின் ஒரு பகுதிதான். ஆனால் வழியில் சொந்தக் காரியத்துக்காக வேறு பக்கம் திரும்பியிருந்தால் சிக்கல் வரும். வீடு மாறியவர்கள் புதிய முகவரியை நிறுவனத்தில் தெரிவித்துவிட வேண்டும். பழைய முகவரி இருந்தால், "ஏன் அந்தச் சாலையில் போனீர்கள்?" என்ற கேள்வி எழும். இருட்டில் தோட்டச் சாலையில் வண்டியோட்டி வருகிறவர்களின் குடும்பத்துக்கு இது முக்கியம்.

தாமதம் ஏற்படும் நாளில் கே.டி.எம். தன் சமூக ஊடகப் பக்கங்களில் வெளியிடும் அறிவிப்பைக் கைப்பேசியில் படமாகச் சேமித்து வைப்பதும் உதவும். மேலதிகாரியிடம் காட்ட அது ஒரு சான்று. தொடர்ந்து பிரச்சினை இருந்தால், நாள், நேரம், ரயில் எண் குறித்து வைத்துத் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அபாட்டிடம் புகார் செய்யலாம். தேதியில்லாத புகாரால் பயனில்லை.

நம்மவர் போட்ட பாதை

மலாயாவின் முதல் ரயில் பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்குக்கும், இன்று கோல செப்பெத்தாங் என அழைக்கப்படும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டு போகப் போட்ட பாதை அது. பின்னர் நாடு முழுவதும் விரிந்த பாதைகளில் காடு வெட்டி மண் சுமந்து தண்டவாளம் பதித்தவர்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்தொகையினர். நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் இருந்தனர். பிரிக்பீல்ட்ஸ் ரயில் குடியிருப்புகளும் செந்தூல் பட்டறையும் நம் சமூகத்தின் வரலாற்றோடு கலந்தவை. தைப்பூசத்தன்று பத்துமலைக்குக் கூட்டத்தை ஏற்றிச்செல்லும் கொமுட்டரில் அந்த உறவு இன்றும் தெரிகிறது.

அந்தத் தலைமுறை ரயிலில் வேலை பார்த்தது. இந்தத் தலைமுறை ரயிலில் வேலைக்குப் போகிறது.

முடிவெடுக்கும் முன்

சிறு பட்டணத்தில் வீடு வாங்க முன்பணம் கட்டுவதற்கு முன்பும், இரண்டாவது காருக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பும், குறைந்தது ஒரு வாரம் ரயிலில் போய்ப் பார்ப்பது நல்லது. அதில் ஒரு திங்கட்கிழமைக் காலையும், மழை பெய்யும் ஒரு மாலையும் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டு வாசலிலிருந்து வேலையிடத்தின் வருகைப் பதிவுக் கருவி வரை எத்தனை நிமிடம், எத்தனை ரிங்கிட் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். கடைசி ரயில் எத்தனை மணிக்கு, அதைத் தவறவிட்டால் யார் வந்து ஏற்றிச் செல்வார் என்பதையும் அதில் எழுத வேண்டும்.

வார முடிவில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசினால், இரண்டாவது கார் தேவையா இல்லையா என்பது தெரிந்துவிடும்.